பன்னும் கஞ்சியும்

தங்கவயலில் பெரிய வியாழன் இரவு மூன்று இடங்களில் விளக்கு அணையாது. ஒன்று சுரங்க வாய். ராத்திரி ஷிப்ட்டுக்கு இறங்கியவர்கள் விடிந்த பிறகுதான் மேலே வருவார்கள். இன்னொன்று சாம்பியன் ரீஃப்ஸ் வெற்றி மாதா கோயில். மாலைப் பூசை முடிந்து, சாமியார் பன்னிரண்டு பேர் பாதம் கழுவி, நற்கருணையைப் பக்கவாட்டுப் பீடத்துக்குக் கொண்டுபோய் வைத்த பிறகு, லைன் லைனாக முறை வைத்துக்கொண்டு ஜனங்கள் முழந்தாளிட்டிருப்பார்கள். மூன்றாவது, ராபர்ட்சன்பேட்டையில் ரொட்டி பாய் கடையின் பின்கட்டு.

இந்த மூன்று இடத்துக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஆள் போயிருக்கும். நைனா சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. ஷிப்ட் ராத்திரியில் விழுந்தால் பெரிய வியாழன் என்றெல்லாம் பார்க்க முடியாது. ஆயா, எங்கள் பாட்டி, கோயிலில் இருப்பாள். அம்மாவும் நானும் ஈரத்துணி போட்டு மூடிய மாவுப் பாத்திரங்களோடு பாய் கடையில் உட்கார்ந்திருப்போம். அம்மா ஊர்காமில் ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சமையல் செய்தாள். அந்த வீட்டு மிஸ்ஸியம்மா தன் சமையற்கட்டில் பிசைந்த மாவில்தான் பெரிய வெள்ளி பன் சுட வேண்டும் என்பார்கள். ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பில் ஒரு தட்டுக்கு மேல் கொள்ளாது. சொந்தபந்தம், அக்கம்பக்கம், கான்வென்ட் சிஸ்டர்கள் என்று டஜன் கணக்கில் வேண்டும். அதனால் மாவு அவர்களுடையது, அடுப்பு பாயுடையது, நடை எங்களுடையது.

எங்கள் ஊரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கர்நாடகத்தின் கிழக்கு ஓரத்தில் தமிழ் பேசும் ஊர் அது. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி அங்கே தங்கம் தோண்ட வந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்று ஒரு சீமை. அங்கே தகரச் சுரங்கங்கள் நொடித்துக்கொண்டிருந்த நேரம். வேலை தெரிந்த கார்ன்வால்காரர்கள் கப்பலேறிக் கோலார் தங்கவயலுக்கு வந்தார்கள். அடியில் இறங்கிப் பாறை உடைக்க வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஜனங்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். என் முப்பாட்டனும் அப்படித்தான் வந்தார். 1902-ல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். பங்களா, கிளப், டென்னிஸ் மைதானம், ரோஜாத் தோட்டம் எல்லாம் எழும்பின. குட்டி இங்கிலாந்து என்று பெயர் வந்தது. வெள்ளைக்காரருக்கும் லைன் வீட்டுக்காரருக்கும் நடுவே ஆங்கிலோ இந்தியர்கள் ஃபோர்மேனாக, என்ஜின் டிரைவராக, நர்சாக, வாத்தியாராக இருந்தார்கள்.

லைன் என்றால் வரிசை வீடுகள். ஓர் அறை, ஒரு திண்ணை, பொதுக் குழாய். பங்களாவிலிருந்து நடந்து வரும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் அந்தத் தூரத்தை இரண்டு பக்கத்து மனிதர்களும் வேலைக்காக மட்டுமே கடந்தார்கள். பெரிய வியாழன் முதல் ஈஸ்டர் வரை நாலு நாளில் பண்டங்கள் கடந்தன. அந்த நாலு நாளை நான் இன்றும் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

நாலு நாளுக்கு முன்னே நாற்பது நாள் இருக்கிறது. சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மிஸ்ஸியம்மா வீட்டில் பான்கேக். முட்டையும் பாலும் மைதாவும் கரைத்து மெல்லியதாக ஊற்றி, உள்ளே தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலப்பொடியும் வைத்துச் சுருட்டியது. ஐரோப்பாவில் நடுக்காலத்தில் தவக்காலம் முழுக்க இறைச்சியோடு பாலும் வெண்ணெயும் முட்டையும் கூடத் தள்ளி வைத்தார்கள். வீட்டில் மீந்த முட்டையைத் தீர்க்க வந்தது இந்தப் பான்கேக் செவ்வாய். அங்கே எலுமிச்சம் பழம் பிழிந்து சர்க்கரை தூவித் தின்றதற்கு இங்கே தேங்காய்ப் பூரணம் வந்து சேர்ந்தது. அம்மா நாலைந்து சுருளை இலையில் மடித்துக் கொண்டு வருவாள். அதுதான் எங்களுக்குக் கடைசி இனிப்பு. மறுநாள் நெற்றியில் சாம்பல்.

ஆனால் கோழிக்குத் தவக்காலம் தெரியாது, அது முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். நாற்பது நாள் சேர்ந்த முட்டைக் குவியல்தான் ஈஸ்டர் முட்டையின் தொடக்கம் என்று நான் நினைக்கிறேன். புது உயிர், கல்லறை திறப்பு என்ற விளக்கமெல்லாம் அழகானவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் அடுக்களையில் நின்றவர்களுக்கு முட்டை குவிந்து கிடந்தது என்பதே முதல் சேதி. 1290-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் ஈஸ்டருக்காக 450 முட்டை வாங்கிச் சாயம் ஏற்றியும் தங்கத் தகடு ஒட்டியும் அரண்மனை ஆட்களுக்குக் கொடுத்ததாகக் கணக்கேட்டில் இருக்கிறது. செலவு 18 பென்னி. தங்கம் தோண்டிய எங்கள் ஊரில் முட்டைக்குத் தங்கம் ஒட்ட வழியில்லை. கட்டியாக வார்த்துப் பெட்டியில் ஏற்றிப் பாராவோடு அனுப்பிவிடுவார்கள். எண்ணூறு டன்னுக்கு மேல் எடுத்த ஊரில், லைன் வீட்டுப் பெண்களின் காதில் இருந்தது பெரும்பாலும் கவரிங் தோடு.

சரி, பாய் கடைக்கு வருவோம்.

மாவு மூன்று மணி நேரமாவது பொங்க வேண்டும். மைதா, பால், வெண்ணெய், முட்டை, சர்க்கரை, ஈஸ்ட்; அதோடு பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், ஏலம் இடித்த பொடி; உலர்ந்த திராட்சை; ஆரஞ்சுத் தோல் கிடைக்காத வருஷம் டூட்டி ஃப்ரூட்டி. ஆயா சிறுவயதில் ஈஸ்ட்டைப் பார்த்ததில்லை. தென்னாட்டு ரொட்டிக்காரர்கள் அப்போது கள் ஊற்றித்தான் மாவைப் பொங்க வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் ஈச்ச மரம் நிறைய; ஈச்சங்கள் ஊற்றிய ரொட்டிக்கு லேசான புளிப்பு இருக்கும், டப்பா ஈஸ்ட்டில் அது வராது என்று ஆயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மசாலா சேர்த்தால் மாவு மெதுவாகத்தான் எழும்பும். பட்டையும் கிராம்பும் ஈஸ்ட்டை அடக்கும், சர்க்கரையும் வெண்ணெயும் பாரம் ஏற்றும். அதனால் சாதா பன் மாவைவிட இதற்குப் பொறுமை கூட வேண்டும். அம்மா அடிக்கடி துணியைத் தூக்கிப் பார்ப்பாள்.

"பாய், எழும்பிச்சா பாருங்க."

"இன்னும் ஒரு நாழி ஆவும்மா. அவசரப்பட்டா கல்லாப் பூடும். குந்துங்க."

சவுக்கு விறகு எரிந்து தணலாகும் வரை ஒரு பக்கம் ஊர்ச் சேதி. அப்புறம் தணலை ஓரம் ஒதுக்கி, ஈரச் சாக்கால் அடுப்புத் தரையைத் துடைத்து, ஒரு பிடி மாவை உள்ளே வீசிப் பார்ப்பார். மாவு கருகினால் காத்திருக்க வேண்டும். பழுப்பானால் சூடு சரி. தெர்மாமீட்டர் இல்லாத அடுப்புக்கு அதைவிட நல்ல அளவு எனக்கு இன்னும் தெரியவில்லை. மைதாவைத் தண்ணீரில் குழைத்து, காகிதக் கூம்பில் அடைத்து, உருண்டைகளின் மேல் குறுக்கும் நெடுக்கும் பிழிவார். பழைய முறையில் கத்தியால் கீறித்தான் சிலுவை போட்டார்கள், பசை பிழிவது பின்னால் வந்தது. நீள மரத்துடுப்பில் தட்டு உள்ளே போகும். வெளியே வந்ததும் சூடு ஆறுவதற்குள் சர்க்கரைப் பாகு தடவ வேண்டும். அந்த வேலை என்னுடையது. அந்த நேரத்தில் வரும் வாசனை கடைத்தெரு முழுக்கப் போகும். விடிகாலை மூன்று மணிக்கு அந்தத் தெருவில் யாராவது தூங்கியிருந்தால் எழுப்பிவிடும்.

1990, 1991 இரண்டு வருஷமும் தவக்காலத்தின் கடைசி வாரம் ரம்ஜான் மாதத்துக்குள் வந்தது. பாய் நோன்பு வைத்துக்கொண்டு எங்களுக்குப் பெரிய வெள்ளி பன் சுட்டார். நாங்களும் நோன்பு. ராத்திரி வேலைதானே, அதனால் அடுப்பு வேலை முடித்து, விடியலுக்கு முந்தின ஸஹர் நேரத்துக்குள் அவர் சாப்பிட்டுவிடுவார். பன்னை நீட்டினால் ஒன்று எடுத்துக்கொள்வார். எங்களுக்கு வெள்ளிக்கிழமை முழுக்க ஒருவேளைச் சாப்பாடுதான், ஆகையால் நாங்கள் அந்த நேரத்தில் தொட மாட்டோம். சுட்டவர் தின்றதும் சுமந்தவர் தின்னாததும் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. பெங்களூர் ஃப்ரேசர் டவுனில் 1902 முதல் நடக்கும் ஆல்பர்ட் பேக்கரியும் முஸ்லிம் குடும்பத்தின் கடைதான். பெரிய வெள்ளிக்கு அங்கே சிலுவை பன்னுக்கு நிற்கும் வரிசையை இன்றும் பார்க்கலாம். தென்னாட்டில் கிறிஸ்தவர் பண்டிகை ரொட்டியின் கதையை எழுதுகிறவர்கள் இந்த அடுப்புக்காரர்களை முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

இந்த பன் இங்கிலாந்தில் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி ஒரு தடை உத்தரவு. 1592-ல், எலிசபெத் ராணி காலத்தில், மசாலா சேர்த்த பன்னைச் சவ அடக்கம், பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாளில் விற்கக் கூடாது என்று லண்டன் சந்தை அதிகாரி உத்தரவு போட்டார். பழைய கத்தோலிக்கப் பழக்கத்தை ராஜாங்கம் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. மீறி விற்றால் ரொட்டியைப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மக்கள் அதை வீட்டில் சுட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது, பன் பிழைத்துவிட்டது. பெரிய வெள்ளி அன்று சுட்ட பன் பூசணம் பூக்காது, கூரையில் கட்டித் தொங்கவிட்டால் தீ அண்டாது, கடலில் போகிறவன் ஒன்று வைத்துக்கொண்டால் கப்பல் மூழ்காது என்றெல்லாம் நம்பிக்கை. லண்டனின் கிழக்கில் விடோஸ் சன் என்று ஒரு மதுக்கடை இருக்கிறது. கடலுக்குப் போன மகன் ஈஸ்டருக்குத் திரும்புவான் என்று ஒரு விதவைத் தாய் வருஷா வருஷம் பன் எடுத்து வைத்த இடம் அது என்பார்கள். இன்றும் பெரிய வெள்ளிதோறும் ஒரு கப்பற்படைக்காரர் வந்து அங்கே கட்டியிருக்கும் வலையில் புது பன் ஒன்றைச் சேர்க்கிறார்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது மசாலா. மலபாரின் ஏலம், இலங்கைப் பட்டை, அதற்கும் கிழக்கே மொலுக்கத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு வாங்கிப்போன சரக்கு. அந்தச் சரக்கு லண்டன் ரொட்டிக்காரன் கையில் வருஷத்தில் ஓரிரு நாள் மட்டும் அனுமதிக்கப்பட்ட பன்னாகி, கார்ன்வால்காரனின் ஆசையாகக் கப்பலில் திரும்பி, கோலார் மேட்டில் ஒரு முஸ்லிம் அடுப்புக்குள் போய், எங்கள் லைனுக்கு வந்தது. ஆயாவுக்கு அந்த வாசனை புதியதல்ல. பிரசவித்த பெண்ணுக்குக் கொடுக்கும் லேகியத்திலும் அதே ஏலமும் ஜாதிக்காயும்தான். மாவில் போட்டதைத்தான் அவள் முதலில் வெள்ளைக்காரப் பழக்கம் என்று நினைத்தாளாம்.

எங்களுக்கு அடுத்த வரிசையில் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டுப் பெரிய வியாழன் முற்றிலும் வேறு. அரிசிமாவும் அரைத்த உளுந்தும் தேங்காயும் சேர்த்து, ஈஸ்ட்டும் கள்ளும் எதுவும் சேர்க்காமல், ஆவியில் வேகவைத்த பெசகா அப்பம். குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலையைக் கிள்ளிச் சிலுவையாக்கி மேலே வைத்திருப்பார்கள். தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்துக் காய்ச்சிய பெசகா பால் கூட. இரவு ஜெபம் முடிந்து, வீட்டுக்கு மூத்தவர் அப்பத்தை வெட்டி, வயது வரிசையில் ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். எகிப்தைவிட்டுக் கிளம்பிய இரவில் இஸ்ரவேலர் புளிக்காத அப்பம் தின்ற நினைவு அது. மாவு புளித்துப் பொங்கக் காத்திருக்க நேரமில்லாத அவசரம் அந்த இரவுக்கு. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்ய மாட்டார்கள்; உறவுக்காரர்கள் கொண்டு வந்து கொடுப்பார்கள். ஒரே இரவில், ஒரு தெரு தள்ளி, ஒரு வீட்டில் மாவு பொங்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் கடையில் நாங்கள் பொங்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் அதே கடைசி இராப்போசனத்தின் பேரில்தான்.

பெரிய வெள்ளி காலையில் பங்களாவுக்குப் பன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, எங்கள் பங்கை அம்மா வாங்கி வருவாள். அதைத் தொடுவது மூன்று மணிக்குப் பிறகுதான். வெயில் மண்டையைப் பிளக்கும். சயனைடு மேட்டு மண் காற்றில் எழும்பிப் பல்லில் நறநறக்கும். அந்த மேடுகள் தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. ஊரைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கின்றன. சிலுவைப் பாதை அந்தப் புழுதியில்தான் போகும். கோயிலில் பீடம் துணியில்லாமல் இருக்கும், மணிக்குப் பதில் மரக்கட்டை தட்டுவார்கள். சிலுவை முத்தி முடிந்து வெளியே வந்தால், முற்றத்தில் பெரிய அண்டாக்களில் கஞ்சி.

அந்தக் கஞ்சிக்கு லைன் முழுக்க அரிசி வசூல் செய்திருப்பார்கள். ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சை, ரேஷன் அரிசி, எல்லாம் கலந்து வேகும். வறுத்த பச்சைப்பயறு, பூண்டு, வெந்தயம் கொஞ்சம், இறக்கும்போது தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளத் துவையல். காலையிலிருந்து தண்ணீர் மட்டும் குடித்திருந்த வயிற்றில் அது இறங்கும்போது உடம்பு முழுக்கத் தெரியும். கிறிஸ்தவர் அல்லாத லைன்காரர்களும் தூக்குச்சட்டியோடு வருவார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். மிஸ்ஸியம்மா வீட்டுக்கும் ஒரு தூக்கு போகும். அவர்கள் வீட்டிலும் பெரிய வெள்ளி மதியத்துக்குக் கஞ்சிதான், ஆனால் கோயில் அண்டாக் கஞ்சி தனி என்று காத்திருப்பார்கள். மிஸ்ஸியம்மாவின் சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் எங்கள் கஞ்சி. லைன் திண்ணையில் அலுமினியத் தட்டில் அவர்கள் பன். நாங்கள் பன்னைக் கஞ்சியில் பிய்த்துப் போட்டும் தின்றிருக்கிறோம். திராட்சை வாயில் அகப்படும்போது வரும் அந்த இனிப்பும் கஞ்சியின் உப்பும் சேர்ந்த ருசியை இதுவரை எந்தச் சமையல் புத்தகத்திலும் நான் காணவில்லை.

அந்த வீட்டுக்குள் அம்மா போனது பின்வாசல் வழியாகத்தான், கடைசிவரை. பண்டம் முன்வாசல் வழியாகப் போயிற்று என்பதால் மனிதர்களுக்கு வழி திறந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஆனாலும் மிஸ்ஸியம்மா கஞ்சிக்காகக் காத்திருந்ததும் உண்மை, அம்மா அந்த பன்னைத் தன் கைவேலை என்று பெருமையோடு எங்களுக்குப் பிட்டுக் கொடுத்ததும் உண்மை.

சனிக்கிழமை முட்டைக்கானது. இதில்தான் நான் அதிகம் மகிழ்ந்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஃப்ரை கம்பெனி 1873-லும் கேட்பரி 1875-லும் சாக்லேட் முட்டை செய்யத் தொடங்கிவிட்டன. ஆனால் மார்ச், ஏப்ரல் வெயிலில் சாக்லேட் நம் ஊரில் நிற்காது. அதனால் ஆங்கிலோ இந்திய வீடுகளில் மார்சிபேன் முட்டைதான். பாதாம் பருப்பும் சர்க்கரையும் அரைத்துச் செய்வது ஐரோப்பிய வழக்கம். பாதாம் விலைக்கு எங்கே போவது? போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டு வந்து மேற்குக் கரையில் நட்ட முந்திரி பாதாமின் இடத்தைப் பிடித்தது. இந்த மாற்றத்தில் நமக்கு நஷ்டமில்லை என்பது என் துணிபு. முந்திரி மார்சிபேன் பாதாமைவிட மிருது, கசப்பு எட்டிப் பார்க்காது, பனிநீரை நன்றாக இழுத்துக்கொள்ளும்.

முந்திரியை வெயிலில் காயவைத்து, அம்மியில் தண்ணீர் படாமல் அரைக்க வேண்டும். எண்ணெய் கக்கினால் கெட்டது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, சர்க்கரைப் பொடி தூவித் தூவி அரைப்பாள் அம்மா. முட்டையின் வெள்ளைக்கரு, பனிநீர், ஒரு சொட்டு பாதாம் எசென்ஸ். அடிகனமான சட்டியில் இளந்தீயில் கிளறி, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது இறக்குவது. பிறகு இரண்டு பாதியாக உள்ள தகர அச்சில் அழுத்தி எடுப்போம். ஒரு பாதியைக் குழிவாக்கி உள்ளே மிட்டாய் வைத்து மறுபாதியை ஒட்டுவதும் உண்டு. குலுக்கினால் சத்தம் கேட்கும். மிஸ்ஸியம்மாவின் மூத்த மகள், நான் அக்கா என்று கூப்பிட்டவள், ஐசிங் கூம்பு பிடித்துப் பூவும் பெயரும் எழுதுவாள். எந்தெந்த முட்டை யாருக்கு என்று ஒரு சீட்டு இருக்கும். அதில் லைன் பிள்ளைகளின் பெயரும் இருந்தது. என் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் முதலில் பார்த்தது பள்ளிக்கூடத்துப் பலகையில் இல்லை, இளஞ்சிவப்பு முட்டை ஒன்றின் மேல்.

சனிக்கிழமை மதியமே கறி சாப்பிட்டோம் என்று ஆயா சொல்லும்போது நாங்கள் நம்ப மாட்டோம். பிறகுதான் தெரிந்தது, அது சரியான தகவல். பாஸ்கா திருவிழிப்புப் பூசை பல நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலையிலேயே நடந்து வந்தது. தவக்காலமும் அன்று மதியத்தோடு முடிந்தது. பன்னிரண்டாம் பத்திநாதர் போப்பாண்டவராக இருந்தபோது, 1950-களில் அதை மறுபடி இரவுக்கு மாற்றினார்கள். எங்கள் தலைமுறைக்கு ஈஸ்டர் என்றால் இருட்டு, புது நெருப்பு, கையில் மெழுகுவர்த்தி, நடுநிசி மணி. ஆயாவுக்கு அது பட்டப்பகல்.

அந்த இருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாச அறிக்கையில் ஒரு வாக்கியம் வரும். மற்ற ஊர்களில் அதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கோயிலில் அந்த இடத்தில் குரல்கள் இறங்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரிக்கு மேல். பாறை வெடித்து, போனவர் வராத வீடு ஒவ்வொரு லைனிலும் உண்டு. பூமி குலுங்கினால் தட்டுமுட்டுச் சாமான் ஆடுவதற்கு முன்பே பெண்கள் வாசலுக்கு ஓடி வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஜனங்கள் பாதாளம் போனவர் எழுந்து வந்தார் என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், அந்தச் சாப்பாடு வெறும் விருந்தாக இருக்காது. நைனா ராத்திரி ஷிப்ட்டில் இருந்த வருஷங்களில் நடுநிசிப் பூசை முடிந்து வந்தும் நாங்கள் வாயில் எதுவும் வைக்கவில்லை. காலைச் சங்கு ஊதி, அவர் வீடு வந்து, வெந்நீரில் குளித்த பிறகுதான் ஈஸ்டர்.

ஞாயிறு சமையலைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எல்லா ஊரிலும் பண்டிகைக் கறி பண்டிகைக் கறிதான். லைனில் ஆட்டுக்கறிக் குழம்பும் இட்லியும் காலையில், மதியம் பிரியாணி. பங்களாவில் தேங்காய்ப்பால் ஊற்றிய மஞ்சள் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, வெங்காயமும் மிளகாயும் காடியும் சர்க்கரையும் சேர்த்துக் கண் சிவக்கும்படி அரைத்த டெவில் சட்னி. அந்தச் சட்னி மட்டும் எங்கள் வீட்டுக்கும் வந்து நிலைத்துவிட்டது. அம்மா அதில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போட்டாள்.

1956-ல் சுரங்கங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் வெள்ளைக்காரர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. மிஸ்ஸியம்மா வீடும் ஒரு நாள் காலியாயிற்று. தகர அச்சுகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அந்த ஏப்ரலில் பெரிய வெள்ளிக்குக் கோயில் முற்றத்தில் அண்டா ஏறியது, ஆனால் அரிசி வசூலுக்குப் போன பையன்கள் பாதி வீட்டில் கேட்கக் கூசிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அன்று கஞ்சி தண்ணீராகத்தான் இருந்தது. பயறு குறைவு. யாரும் குறை சொல்லவில்லை. நூற்று இருபது வருஷம் உழைத்த ஊரை அப்படிக் கைவிட்டது அநியாயம். அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இப்போது விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஊரே பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறது. பாய் காலமாகிவிட்டார். அவர் பேரன் மின்சார அடுப்பு வைத்திருக்கிறான், பெரிய வெள்ளிக்குப் பன் போடுகிறான். மசாலா அளவு தாத்தா அளவுதான். பாகு தடவுவதில் மட்டும் கஞ்சத்தனம் இருப்பதாகச் சொன்னேன்; அடுத்த வருஷம் சரி செய்துவிட்டான். தகர அச்சில் ஒன்று துருப்பிடித்துப் போயிற்று. மற்றதில் என் மருமகள் முட்டை செய்கிறாள். மிக்சியில் அரைத்தால் முந்திரி சூடேறி எண்ணெய் விடுகிறது என்று ஜாடியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, விட்டு விட்டு அரைக்கக் கற்றுக்கொண்டாள். அம்மி அளவுக்கு வராது, ஆனால் நன்றாகவே வருகிறது.

முட்டையில் பெயர் எழுதிய அக்கா பெர்த்தில் இருக்கிறாள். தென்கோளத்தில் ஈஸ்டர் இலையுதிர் காலத்தில் வரும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அங்கே சூப்பர் மார்க்கெட்டில் சிலுவை பன்னை அடுக்கிவிடுகிறார்கள், சாக்லேட் போட்டது, ஆப்பிள் போட்டது என்று விதவிதமாக. அவள் ஒன்றும் வாங்குவதில்லை, பெரிய வியாழன் இரவு வீட்டில் பிசைகிறாள். பச்சைப்பயறு கஞ்சியும் வைக்கிறாள். போன ஈஸ்டருக்கு முன்னால் அம்மாவைப் போனில் பிடித்து, அண்டாக் கஞ்சிக்கு வெந்தயம் வறுத்துப் போடுவதா பச்சையாகப் போடுவதா என்று கேட்டாள். பச்சையாத்தான், அரிசியோடயே போட்டுடு, ஆனா நாலு பேருக்கு ஒரு சிட்டிகைக்கு மேல போவாதே, கசந்துடும் என்றாள் அம்மா.